இலவசம் என்று நம்பும் கணக்கு

வங்கியில் எந்த வகைக் கணக்கை வைத்துக்கொள்வது என்பது ஒரு மாலைப்பொழுது முழுக்கப் பேசத் தகுந்த விஷயமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். 2023 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அரசு அளித்த ஒரு பதிலிலிருந்து தொடங்குகிறேன். 2018 முதல் அதுவரை, பொதுத்துறை வங்கிகளும் முக்கியமான சில தனியார் வங்கிகளும் வாடிக்கையாளர்களிடம் மூன்று வகையில் மட்டும் 35,000 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்திருந்தன. ஏ.டி.எம்.மில் இலவச எண்ணிக்கைக்கு மேல் பணம் எடுத்ததற்கு 8,000 கோடிக்கு மேல். எஸ்.எம்.எஸ். அனுப்பியதற்கு 6,000 கோடிக்கு மேல். கணக்கில் மினிமம் பேலன்ஸ் இல்லாமல் போனதற்கு 21,000 கோடிக்கு மேல். இந்தக் கடைசித் தொகையைக் கட்டியவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்களில் பெரும்பாலோர் "கட்டணக் கணக்கு" என்று எதையும் கேட்டு வாங்கியவர்கள் அல்லர். சாதாரண சேமிப்புக் கணக்கு, காசு எதுவும் கிடையாது என்று நம்பித்தான் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

நம் நாட்டில் தனிநபருக்குக் கிடைக்கும் சேமிப்புக் கணக்குகளை விலையை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, ரிசர்வ் வங்கியின் விதிப்படி எல்லா வங்கிகளும் தந்தாக வேண்டிய அடிப்படை சேமிப்புக் கணக்கு. இதில் குறைந்தபட்ச இருப்பு என்ற பேச்சே கிடையாது. மூன்றாவது, வெளிப்படையாகச் சந்தா வாங்கிக்கொண்டு சலுகைகள் தரும் கணக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் நம்மில் பலர் வைத்திருக்கும் கணக்கு. அதற்குச் சந்தா இல்லை. ஆனால் மாதாமாதம் சராசரியாக இவ்வளவு தொகை உள்ளே இருந்தாக வேண்டும். இலவசக் கணக்கா, கட்டணக் கணக்கா என்று விவாதிக்கும்போது எல்லோரும் முதலாவதையும் மூன்றாவதையும் எதிரெதிரே நிறுத்திப் பேசுகிறார்கள். நடுவில் இருப்பதை இலவசத்தின் பக்கத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அதுதான் தவறு என்பது என் வாதம். நடுவில் இருப்பதும் கட்டணக் கணக்கே. விலை வெளியே தெரியாத கணக்கு என்பதால், முதலில் கைவிட வேண்டியதும் அதுதான்.

முதல் வகையைப் பற்றி நம் ஊரில் ஒரு பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. அதைத் தீர்த்துவிட்டு மேலே போகலாம். அடிப்படைக் கணக்கு ஏழைகளுக்கு மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். 2005 நவம்பரில் ரிசர்வ் வங்கி எளிய கணக்குகளைத் தொடங்கச் சொன்னபோது, வங்கிக்கே வராத மக்களை உள்ளே கொண்டுவருவதுதான் நோக்கம். 2012 ஆகஸ்டில் அந்தத் திட்டத்தை எடுத்துவிட்டு, அடிப்படை சேமிப்புக் கணக்கு என்ற புதிய வடிவத்தைக் கொண்டுவந்தது. இது எல்லோருக்கும் உரிய சாதாரண வங்கிச் சேவை என்றும், வருமானத்தையோ வயதையோ காரணம் காட்டி வங்கிகள் மறுக்கக் கூடாது என்றும் அப்போதே தெளிவாக்கியது. 2014 ஆகஸ்ட் 28-இல் தொடங்கிய ஜன் தன் திட்டம் இந்த அடித்தளத்தின் மேல் எழுந்ததுதான். அதில் விபத்துக் காப்பீடும் ஓவர்டிராஃப்டும் கூடுதலாகச் சேர்ந்தன. 2023-க்குள் ஜன் தன் கணக்குகள் 50 கோடியைத் தாண்டின. இத்தனை கோடிப் பேரை அரசு இதன் வழியே கொண்டுவந்ததாலேயே, இது அரசாங்கத் திட்டம், நமக்கானதல்ல என்ற எண்ணம் மாதச் சம்பளக்காரர்களிடம் உறைந்துபோயிற்று. ஓய்வூதியர் கேட்டாலும் கல்லூரி ஆசிரியர் கேட்டாலும் வங்கி இந்தக் கணக்கைத் திறந்து தர வேண்டும். ஒரு நிபந்தனை உண்டு: அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது. இருந்தால் 30 நாளுக்குள் மூடிவிட வேண்டும்.

இனி நடுக்கணக்குக்கு வருவோம். மாதச் சராசரி இருப்பு 15,000 ரூபாய் இருக்க வேண்டிய ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் தேதி 30,000 ரூபாய் வரவு. நான்கு நாள் அப்படியே கிடக்கிறது. ஐந்தாம் தேதி வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகைப் பாக்கி, தவணை எல்லாம் போய் 3,000 மிஞ்சுகிறது. மாதக் கடைசிவரை அந்த 3,000 அசையாமல் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். வங்கியின் கணினி ஒவ்வொரு நாளும் முடியும்போது உள்ள இருப்பைக் கூட்டி நாட்களால் வகுக்கும். நான்கு நாள் 30,000, மீதி இருபத்தாறு நாள் 3,000. கூட்டினால் 1,98,000. முப்பதால் வகுத்தால் 6,600. ஆக, கணக்கில் 8,400 ரூபாய் பற்றாக்குறை. பெரிய தனியார் வங்கிகள் பலவற்றின் கட்டணப் பட்டியலில் நீங்கள் பார்க்கும் விதி, பற்றாக்குறையில் ஆறு சதவீதம் அல்லது ஒரு உச்சத் தொகை, இரண்டில் எது குறைவோ அது என்பது. உச்சத் தொகை 500 என்று கொண்டால், ஆறு சதவீதமாகிய 504-ஐ விட அது குறைவு, எனவே 500. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 590. பாஸ்புக்கில் இது ஒரே ஒரு வரி. ஆங்கிலச் சுருக்கத்தில் இருக்கும். பென்ஷன் வரவுக்கும் மின்கட்டணத்துக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டால் கண்ணில் படாது.

இந்தக் கணக்கீட்டில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. எந்த நாளும் 15,000-க்குக் கீழே போகக் கூடாது என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. சராசரிதான் முக்கியம். நாலரை லட்சம் ரூபாய் ஒரே ஒரு நாள் கணக்கில் தங்கிவிட்டுப் போனால், மீதி இருபத்தொன்பது நாளும் இருப்பு பூஜ்யமாக இருந்தாலும் முப்பது நாள் சராசரி 15,000 வந்துவிடும். பெரிய தொகை வந்து போகிறவருக்கு இந்த விதி ஒரு தொல்லையே அல்ல. சின்னத் தொகையை மாதம் முழுக்க இழுத்துப்பிடித்து ஓட்டுகிறவரைத்தான் இது பிடிக்கிறது.

அபராதத்தின் விகிதத்தைப் பாருங்கள். 8,400 ரூபாய் குறைந்ததற்கு மாதம் 500 என்றால் ஏறத்தாழ ஆறு சதவீதம். பன்னிரண்டு மாதமும் தொடர்ந்தால் ஆண்டுக்கு எழுபது சதவீதத்தைத் தாண்டும். வரியை இதில் சேர்க்கவில்லை. அந்த 8,400 உள்ளே இருந்திருந்தால் வங்கிக்கு என்ன கிடைத்திருக்கும்? சேமிப்புக் கணக்குக்குத் தரும் வட்டிக்கும் கடனுக்கு வாங்கும் வட்டிக்கும் உள்ள இடைவெளியை ஆண்டுக்கு ஆறு சதவீதம் என்று தாராளமாகவே வைத்தாலும் மாதம் 42 ரூபாய். இழந்தது 42, வசூலிப்பது 500. தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003-இல் ஒரு சட்டமே கொண்டுவந்தோம். கந்துவட்டிக்காரராவது கடன் என்று ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு வட்டி கேட்கிறார். இங்கே கொடுக்காத கடனுக்கு அந்த விகிதத்தில் கட்டுகிறோம். 2014 நவம்பரில் ரிசர்வ் வங்கி இதற்குச் சில கடிவாளங்கள் போட்டது உண்மை. இருப்பு குறைந்ததும் வாடிக்கையாளருக்குத் தெரிவித்து, சரிசெய்ய ஒரு மாத அவகாசம் தர வேண்டும். அபராதம் பற்றாக்குறைக்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். அபராதத்தாலேயே கணக்கு மைனஸில் போய்விடக் கூடாது. இவை 2015 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளன. ஆனால் விகிதம் எவ்வளவு என்பதை வங்கியின் இயக்குநர் குழுவின் முடிவுக்கே விட்டுவிட்டது.

அந்த முடிவு எப்படியெல்லாம் போகும் என்பதற்கு ஸ்டேட் வங்கியின் கதை நல்ல சான்று. பல ஆண்டுகள் இல்லாதிருந்த மினிமம் பேலன்ஸ் அபராதத்தை 2017 ஏப்ரலில் அது மறுபடி கொண்டுவந்தது. பெருநகரக் கிளைகளில் 5,000 ரூபாய் இருக்க வேண்டும் என்றது. அந்த ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான எட்டு மாதத்தில் வசூலான அபராதம் 1,771 கோடி. அதே ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் வங்கியின் நிகர லாபம் 1,581 கோடி. இரண்டும் வேறு வேறு கால அளவு. ஒப்பிடும்போது அதை மறந்துவிடக் கூடாது. ஆனாலும் நாட்டின் மிகப் பெரிய வங்கியில், கணக்கில் குறைந்தபட்ச இருப்பை வைக்க முடியாதவர்கள் கட்டிய தொகை ஒரு காலாண்டு லாபத்தைத் தாண்டி நின்றது என்பது சின்ன விஷயம் அல்ல. எதிர்ப்பு கிளம்பியதும் தொகையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 2020 மார்ச்சில் எல்லா சேமிப்புக் கணக்குகளுக்கும் அதை அடியோடு நீக்கினார்கள். 2025-இல் கனரா வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பொதுத்துறை வங்கிகள் அதே வழியில் போயின. அக்டோபரில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் தன் பொதுவான சேமிப்புக் கணக்குக்கு அபராதத்தைக் கைவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி நேர் எதிர்த்திசையில் போனது. நகரங்களில் புதிதாகக் கணக்குத் தொடங்குவோருக்கு 10,000 ஆக இருந்ததை 50,000 ஆக்கியது. எதிர்ப்பு பலமாக வரவே, இரண்டு வாரத்துக்குள் அதை 15,000 ஆகக் குறைத்தது. இந்தச் சர்ச்சையின்போது ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா, இது அந்தந்த வங்கி முடிவு செய்துகொள்ள வேண்டியது என்று சொல்லிவிட்டார். ஆக, காவல் நம் கையில்தான் இருக்கிறது.

"நான் ஒருபோதும் இருப்பைக் குறையவிட்டதில்லை, எனக்கு இது இலவசம்தானே?" என்று கேட்பவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். அவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2025 நடுப்பகுதியிலிருந்து ஸ்டேட் வங்கி சேமிப்புக் கணக்குக்குத் தரும் வட்டி இரண்டரை சதவீதம். பிற பெரிய வங்கிகளும் அதை ஒட்டித்தான் தருகின்றன. ஓராண்டு பிக்சட் டெபாசிட்டுக்கு ஆறு சதவீதம் என்று வைத்துக்கொண்டால் இடைவெளி மூன்றரை. 15,000 ரூபாயை எப்போதும் உள்ளே பூட்டி வைத்திருப்பவர் ஆண்டுக்கு 525 ரூபாய் விட்டுக்கொடுக்கிறார். 25,000 என்றால் 875. 50,000 என்றால் 1,750. இது பாஸ்புக்கில் ஒரு வரியாகக்கூட வராது. வராத வருமானத்தை எந்தப் பாஸ்புக்கும் எழுதுவதில்லை. இப்போது மூன்றாவது வகையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆக்சிஸ் வங்கி 2023-இல் கொண்டுவந்த சந்தாக் கணக்குக்கு மாதம் 150 ரூபாய். ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் 1,650. இதில் குறைந்தபட்ச இருப்பு கிடையாது. 50,000 ரூபாயைப் பூட்டி வைக்கச் சொல்லும் "இலவச" கணக்கு, இந்தச் சந்தாக் கணக்கைவிட ஆண்டுக்கு 100 ரூபாய் அதிக விலை. 15,000 கணக்கு மலிவுதான், ஒருபோதும் தவறாதவருக்கு. ஆண்டில் இரண்டே இரண்டு மாதம் தவறிவிட்டால் அபராதம் 1,180. விட்டுக்கொடுத்த வட்டியில் பெரும்பகுதி எப்படியும் போகத்தான் போகிறது. இரண்டும் சேர்ந்து சந்தாவைத் தொட்டுவிடும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, அவசரத்துக்கென்று எப்படியும் கொஞ்சம் பணத்தைக் கணக்கில் வைத்திருப்போமே, அதை ஏன் இழப்பாக எண்ண வேண்டும் என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் அவசரம் வந்து அந்தப் பணத்தை எடுத்தால் என்ன நடக்கிறது? மருத்துவமனையில் கட்டுவதற்காக 12,000 எடுத்த மாதத்தில்தான் சராசரி குறையும். அபராதமும் அந்த மாதத்துக்குத்தான் விழும். எடுத்தால் தண்டம் என்ற நிபந்தனையோடு கிடக்கும் பணத்தை அவசரப் பணம் என்று சொல்ல முடியாது. அது வங்கிக்கு நாம் கொடுத்த ஒரு முன்பணம். அடிப்படைக் கணக்கில் அதே 15,000-ஐ வைத்திருங்கள்; வட்டி அதேபோலத்தான் கிடைக்கும், எடுக்கும் நாளில் மட்டும் யாரும் தண்டம் கேட்க மாட்டார்கள்.

இரண்டாவது மறுப்பு கனமானது. கிளை, ஊழியர், ஏ.டி.எம்., கணினி எல்லாவற்றுக்கும் செலவு இருக்கிறது. இருநூறு ரூபாய் இருப்பு உள்ள கணக்கால் வங்கிக்கு நட்டம்தான். அந்தச் செலவை யாராவது ஏற்றாக வேண்டும் அல்லவா? ஆம், ஏற்றாக வேண்டும். அபராதத்தை நீக்கிய வங்கிகளின் செலவு மாயமாகிவிடவில்லை. டெபிட் கார்டின் ஆண்டுக் கட்டணத்திலும், எஸ்.எம்.எஸ். கட்டணத்திலும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த இரண்டரை சதவீத வட்டியிலும் அது பரவிக் கிடக்கிறது. என் குறை, செலவை வசூலிக்கிறார்கள் என்பது அல்ல. யாரிடம் வசூலிக்கிறார்கள் என்பது. அபராத முறையில் ஒரு வங்கியின் சேவைச் செலவு எல்லா வாடிக்கையாளர் மேலும் சமமாகவோ, வசதிக்கு ஏற்பவோ விழுவதில்லை. மாதக் கடைசியில் கையில் காசு குறைந்தவர் மேல் மட்டும் விழுகிறது. ஐந்து லட்சம் வைத்திருப்பவருக்குச் செக் புக்கும் கார்டும் சும்மா கிடைப்பதற்குக் காசு குறைந்த அந்த மனிதர் பணம் கட்டுகிறார். எல்லோரிடமும் மாதம் இருபது ரூபாய் சந்தா என்று பலகை எழுதி வைத்திருந்தால், விலை கண்ணுக்குத் தெரியும். பக்கத்து வங்கியில் பதினைந்து என்றால் அங்கே போவோம். அபராதத்தை வைத்து யாரும் வங்கிகளை ஒப்பிடுவதில்லை. ஏனென்றால் தனக்கு அது விழும் என்று நினைத்துக்கொண்டு யாரும் கணக்குத் தொடங்குவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் சந்தாக் கணக்கு எனக்கு நாணயமானதாகவே தோன்றுகிறது.

நாணயமானது என்பதால் எல்லோரும் வாங்க வேண்டியது என்று ஆகிவிடாது. சலுகைகளின் மதிப்பைப் பார்ப்போம். இவற்றில் அதிகம் விளம்பரப்படுத்துவது காப்பீடு. கார்டோடு இத்தனை லட்சம் விபத்துக் காப்பீடு என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். அதைக் கோருவதற்கு, விபத்துக்கு முன் குறிப்பிட்ட நாட்களுக்குள் அந்தக் கார்டை ஒருமுறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை சிறிய எழுத்தில் இருக்கும். ஜன் தன் ரூபே கார்டுக்கே 90 நாள் என்ற வரம்பு உண்டு. கார்டில் காப்பீடு இருப்பதே குடும்பத்துக்குத் தெரியாமல் போனால், அது இருந்தும் இல்லாததுபோல்தான். இரண்டு லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீட்டை, பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் எந்தச் சேமிப்புக் கணக்கிலிருந்தும் ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு வாங்கலாம். இரண்டு லட்சம் ஆயுள் காப்பீடு, ஜீவன் ஜோதி திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாய். வயது வரம்பு இரண்டிலும் உண்டு. ஆக, சலுகைப் பொட்டலத்துக்குள் இருக்கும் காப்பீட்டை வெளியே எடுத்து எடைபோட்டால் அதன் சந்தை விலை பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். விமான நிலைய லவுஞ்சும் இப்படித்தான். முந்தைய காலாண்டில் கார்டில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் உள்ளே விடுவோம் என்று பல வங்கிகள் இப்போது விதித்துவிட்டன. இலவச இட்லி சாப்பிடுவதற்காக ஆயிரக்கணக்கில் செலவு செய்துவிட்டுத் திரும்பும் நிலைமை.

சலுகைகளை மூட்டை கட்டி விற்றால் என்ன ஆகும் என்பதைப் பிரிட்டன் நமக்கு முன்பே பார்த்துவிட்டது. 1984-இல் மிட்லண்ட் வங்கி, கணக்கில் பணம் இருக்கும்வரை கட்டணம் இல்லை என்று அறிவித்தது. மற்ற வங்கிகளும் பின்தொடர, நடப்புக் கணக்கு என்றால் இலவசம் என்பது அங்கே பழக்கமாகிவிட்டது. வருமானத்துக்கு வேறு வழி தேடிய வங்கிகள், பயணக் காப்பீடு, கைபேசிக் காப்பீடு, வாகனம் பழுதானால் உதவி எல்லாவற்றையும் சேர்த்து மாதச் சந்தாவுக்குக் கணக்குகளை விற்கத் தொடங்கின. பின்னால் புகார்கள் குவிந்தன. பயணக் காப்பீட்டின் வயது வரம்பைத் தாண்டியவர்களும், ஏற்கெனவே உள்ள நோயால் காப்பீடு செல்லாதவர்களும் மாதாமாதம் சந்தா கட்டிக்கொண்டிருந்தார்கள். 2013 மார்ச் முதல், இந்தக் காப்பீடு வாங்குபவருக்குப் பொருந்துமா என்று விற்கும்போதே சரிபார்க்க வேண்டும், ஆண்டுதோறும் தகுதியை நினைவூட்டும் அறிக்கை அனுப்ப வேண்டும் என்று அங்கே விதி வந்தது. 2016 தொடக்கத்திலிருந்து ஒன்பது பெரிய வங்கிகள் கட்டணமே இல்லாத அடிப்படைக் கணக்கைத் தருவதாக அரசோடு உடன்பட்டதும் இதே நாட்டில்தான். ஒருபுறம் சும்மா கிடைக்கும் எளிய கணக்கு, மறுபுறம் தகுதி பார்த்து விற்கும் சந்தாக் கணக்கு. நம்முடைய அபராதக் கணக்கைவிட இந்த ஏற்பாடு தெளிவாக இருக்கிறது.

அடிப்படைக் கணக்கைப் பற்றிய குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. மாதம் நான்கு முறைதான் கட்டணமில்லாமல் பணம் எடுக்க முடியும் என்பது பெரிய குறையாகச் சொல்லப்படுகிறது. கையில் ரொக்கமாகப் புழங்கும் சிறு வியாபாரிக்கு அது குறைதான். நான்குக்கு மேல் எடுத்தால் வங்கி கட்டணம் கேட்கலாம். ஆனால் டீக்கடையிலும் பூக்காரம்மாவிடமும் யு.பி.ஐ. அட்டை தொங்கும் காலத்தில், சம்பளக்காரருக்கு மாதம் நான்கு முறை ரொக்கம் போதும். ஒரு காலத்தில் யு.பி.ஐ. பரிமாற்றத்தையே இந்த நான்கில் சேர்த்து எண்ணி, ஒவ்வொன்றுக்கும் 17 ரூபாய் 70 காசு என்று ஸ்டேட் வங்கி அடிப்படைக் கணக்குகளில் பிடித்தது. ஐ.ஐ.டி. மும்பையில் நடந்த ஓர் ஆய்வு 2021-இல் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 2020 ஆகஸ்டில், மின்னணுப் பரிமாற்றத்துக்குப் பிடித்த கட்டணத்தைத் திருப்பித் தரும்படி நேரடி வரிகள் வாரியம் வங்கிகளுக்குச் சொல்லியிருந்தது. ஆக, இலவசக் கணக்கிலும் பாஸ்புக்கைப் பார்க்காமல் இருக்க முடியாது. 2025 டிசம்பரில் ரிசர்வ் வங்கி செய்த திருத்தம் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது. மின்னணுப் பரிமாற்றங்கள் நான்கில் சேராது. ஆண்டுக்கு 25 தாள் செக் புக், ஆண்டுக் கட்டணம் இல்லாத டெபிட் கார்டு, இணைய வங்கி, கைபேசி வங்கி எல்லாம் இந்தக் கணக்குக்கும் உண்டு. 2026 ஏப்ரல் முதல் இது எல்லா வங்கிகளுக்கும் கட்டாயம். இன்னொரு எச்சரிக்கை: முழு ஆவணம் இல்லாமல் தொடங்கும் "சிறு கணக்கு" வேறு. அதில் இருப்பு 50,000-ஐத் தாண்டக் கூடாது, ஆண்டு வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஆதாரும் பான் கார்டும் கொடுத்துத் தொடங்கும் அடிப்படைக் கணக்குக்கு அந்த வரம்புகள் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்லிக் கவுன்டரிலேயே பயமுறுத்தி அனுப்பிவிடுவார்கள்.

பெரிய கணக்கு வைத்திருந்தால் கடன் சுலபமாகக் கிடைக்கும் என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. கடன் தரும்போது வங்கி பார்ப்பது உங்கள் வருமானத்தையும், பழைய கடன்களைக் கட்டிய ஒழுங்கையும். சிபில் அறிக்கையில் உங்கள் கடன்களும் கிரெடிட் கார்டுகளும் வரும். சேமிப்புக் கணக்கு எந்த வகை என்பது வராது. டெபாசிட்டின் பாதுகாப்பிலும் வேறுபாடு இல்லை. வங்கி முடங்கினால் டெபாசிட் காப்பீட்டுக் கழகம் ஒரு வங்கியில் ஒருவருக்குத் தரும் ஐந்து லட்சம், பிளாட்டினம் வாடிக்கையாளருக்கும் ஜன் தன் வாடிக்கையாளருக்கும் ஒன்றேதான்.

அப்படியானால் சந்தாக் கணக்கு யாருக்கு? லாக்கர் வைத்திருப்பவர், வாடகையில் கழிவு கிடைக்குமானால் முதலில் கணக்குப் போடட்டும். லாக்கர் வாடகை ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் போவதால், அதில் பாதி குறைந்தாலே சந்தா வந்துவிடும். அடிக்கடி டிமாண்ட் டிராஃப்ட் எடுப்பவர், வெளிநாட்டில் கார்டு தேய்ப்பவர், பிற வங்கி ஏ.டி.எம்.களில் மாதம் பத்து முறை பணம் எடுப்பவர் — இலவச எண்ணிக்கை தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் 23 ரூபாய் வரை — இவர்களுக்கு லாபம் இருக்கலாம். அளவுகோல் ஒன்றுதான்: கணக்கு இல்லாவிட்டாலும் காசு கொடுத்து வாங்கியிருப்பேன் என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய சலுகைகளை மட்டும் கூட்டுங்கள். "கிடைத்தால் நல்லது" என்று தோன்றுவதையெல்லாம் பூஜ்யமாக எழுதுங்கள். அப்படி எழுதிக் கூட்டும்போது சந்தாவைத் தாண்டும் குடும்பங்கள் உண்டு. அதிகம் இருக்காது என்பது என் கணிப்பு.

மற்றவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, உங்கள் வங்கியிலேயே எழுத்து மூலம் கேட்டு, இருக்கும் கணக்கை அடிப்படைக் கணக்காக மாற்றிக்கொள்வது. மற்றொன்று, அபராதத்தை நீக்கிவிட்ட பொதுத்துறை வங்கியில் சாதாரண சேமிப்புக் கணக்கு. இதில் நான்கு முறை என்ற வரம்பு இல்லை. ஆனால் கார்டுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் கட்டணம் இருக்கும். மொத்தமாக ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் என்று எதிர்பாருங்கள். இங்கே சம்பளக் கணக்குக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வேலையை விட்டதும் அந்தக் கணக்கின் ஜீரோ பேலன்ஸ் சலுகை போய்விடும். தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் வராவிட்டால் சாதாரணக் கணக்காக மாற்றிவிடுவது பல வங்கிகளின் வழக்கம். பழைய கம்பெனியின் கணக்கில் மிச்சமிருந்த இரண்டாயிரம் ரூபாய் இப்படித்தான் கரைகிறது. இரண்டு ஆண்டு பரிமாற்றமே இல்லாமல் செயலற்றுப்போன கணக்கில் மினிமம் பேலன்ஸ் அபராதம் போடக் கூடாது என்று 2024 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு ஆண்டுக்குள்ளேயே கரைய வேண்டியது கரைந்துவிடும். தேவையில்லாத கணக்கை வேலையை விட்ட மாதமே மூடிவிடுங்கள். அடிப்படைக் கணக்குத் தர முடியாது என்று கிளையில் சொன்னால், விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். மறுத்தால் வங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தின் கீழ் இணையத்திலோ தபாலிலோ அனுப்பலாம். அதற்கு வக்கீல் வேண்டாம், கட்டணமும் கிடையாது.